வெட்டாமல் காத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். என் இடது மார்பில் இருந்த கட்டி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதை எடுக்காமல் விட்டதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் போன இடத்தில் மேமோகிராம் படத்தைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டார்கள். கட்டியின் ஓரங்கள் முள்முள்ளாக நீண்டிருந்தன. புற்றுநோயாகத்தான் இருக்கும், மார்பை முழுவதும் எடுத்துவிடலாம் என்று நாள் பார்க்கவும் தொடங்கிவிட்டார்கள். ஊசி வழியே எடுத்த சதையின் அறிக்கையில் மட்டும், "கதிர்வடிவ செல் கட்டி, மேற்கொண்டு ஆய்வு தேவை" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை எழுதியவரை நான் பார்த்ததில்லை. முதல் நன்றி அவருக்கு. தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதற்கும் நெஞ்சுரம் வேண்டும்.

மெழுகு பிளாக்குகளையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் எடுத்துத் தந்த ஆய்வக உதவியாளருக்கு அடுத்த நன்றி. விரல்நுனி அகல மெழுகுக்குள் வெளிறிய நூல்துணுக்காக என் சதை இருந்தது. பஞ்சு வைத்து டப்பாவில் அடுக்கிக்கொண்டே, "வெயில் படாமல் கொண்டுபோங்கள் அம்மா, மெழுகு இளகிவிடும்" என்றார். பஸ்ஸில் என் நாத்தனார் அந்த டப்பாவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, ஊர் போய்ச் சேரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பவில்லை.

பெரிய மருத்துவமனையில், சதையைச் சோதித்து நோயைக் கண்டறியும் நோய்க்குறியியல் மருத்துவர் எங்களை உள்ளே அழைத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். நோயாளியின் கண்ணில் படாமலே பணிக்காலம் முடிந்துபோகும் மருத்துவர்கள் இவர்கள். எனக்காக நாற்காலியை விட்டு எழுந்தார். இரு முனையும் கூர்ந்த அந்தக் கதிர்வடிவ செல்கள் கற்றை கற்றையாக ஓடி, பக்கத்துக் கொழுப்புக்குள் நுழைந்திருந்தன. பார்வைக்கு இதேபோல் இருக்கும் ஒருவகைப் புற்றுநோயில் கெரட்டின் சாயம் பிடிக்கும். என்னுடையதில் பிடிக்கவில்லை. பீட்டா கேட்டனின் என்னும் புரதத்தைக் காட்டும் சாயமோ செல்லின் உட்கருவிலேயே பழுப்பாக ஏறியிருந்தது. சந்தேகம் தீர, அந்தப் புரதத்துக்கான சிடிஎன்என்பி1 மரபணுவையும் சோதித்து, டெஸ்மாய்டு ஃபைப்ரோமடோசிஸ் என்னும் நார்த்திசுக் கட்டி என்று உறுதிசெய்தார். மார்பகக் கட்டிகளில் ஆயிரத்துக்கு இரண்டு என்கிறார்கள். நுரையீரலுக்கோ எலும்புக்கோ தாவாது. இருந்த இடத்திலேயே வேர்விடும். வெட்டினாலும் அதே இடத்தில் மீண்டும் முளைக்கக்கூடும். குடலில் பாலிப் என்னும் சிறு சதைமுளைகள் வளரும் பரம்பரை நோய் எங்கள் குடும்பத்தில் உண்டா என்று அவர் துருவித் துருவிக் கேட்டதன் காரணம் பிறகுதான் புரிந்தது: அந்த நோய் உள்ளவர்களுக்கும் இந்தக் கட்டி வருமாம்.

அறுவை மருத்துவருக்கு என்ன சொல்வது! கத்தியைக் கையில் எடுக்காததற்காக ஓர் அறுவை மருத்துவருக்கு யாராவது நன்றி சொல்லியிருப்பார்களா? முன்பெல்லாம் அகலமாக வெட்டி எடுப்பதுதான் வழக்கம் என்றும், 2020இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி வெளியிட்ட வழிகாட்டுதல் முதலில் கண்காணிக்கவே சொல்கிறது என்றும் பொறுமையாக விளக்கினார். இந்தக் கட்டிக்கு சோராஃபெனிப் என்னும் மருந்தைச் சோதித்து 2018இல் வெளியான ஆய்வில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே ஐந்தில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியதாம். அதைக் கேட்ட இரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இதைப் படித்துவிட்டு, மார்பில் தட்டுப்படும் கட்டியைச் சும்மா விடலாம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மார்பில் வரும் இன்னொரு வகையான பிலோடிஸ் கட்டி என்றால் அறுவை செய்து எடுத்தாக வேண்டும். புற்றுநோய் என்றால் தாமதம் ஆபத்து. என்ன கட்டி என்று ஊர்ஜிதமான பிறகுதான் எனக்குக் காத்திருக்கும் உரிமையே கிடைத்தது.

எம்ஆர்ஐ அறையின் பெண் ஊழியருக்குத் தனி நன்றி. குப்புறப் படுத்து, கைகளைத் தலைக்கு மேல் நீட்டி, அசையாமல் கிடக்க வேண்டும். விலா எலும்பு விளிம்பில் அழுத்தி வலிக்கிறது என்றதும், துண்டை நான்காக மடித்து அடியில் செருகினார். அடுத்த முறை நான் வாய் திறக்கும் முன்பே துண்டு தயாராக இருந்தது. தொடக்கத்தில் படத்தில் வெள்ளையாக ஒளிர்ந்த கட்டி இப்போது பெரும்பாலும் கறுத்திருக்கிறது. செல்கள் குறைந்து நார் மிகுவதன் அடையாளம் என்கிறார் கதிரியக்க மருத்துவர். அளவும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் பழைய படங்களைத் தேடி எடுத்து, அதே கோணத்தில் அளந்து ஒப்பிடுபவர் அவர்.

"கட்டியை வைத்துக்கொண்டு எப்படி இருக்கிறாள்?" என்று விசாரிக்க வந்த உறவினர்களை எல்லாம் வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பியவர் என் நாத்தனார். ஸ்கேன் நாட்களில் என் வகுப்புகளைத் தாமே எடுத்த தலைமை ஆசிரியைக்கும், திரும்பி வரும்போது ஒன்றும் கேட்காமல் சோறு போட்ட என் மாமியாருக்கும் நன்றி.

அறிக்கைகளையும் படங்களையும் தேதிவாரியாக ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். இதே நோயின் பெயர் உங்கள் வீட்டு அறிக்கையில் வந்திருந்தால், பள்ளி விட்ட பிறகு வந்து பாருங்கள். மருத்துவரிடம் என்ன கேட்பது என்று நாங்கள் எழுதி வைத்த கேள்விகளும் அதில் இருக்கின்றன.

நன்றியுடன்,
ஒரு பள்ளி ஆசிரியை