தண்ணீரையும் தூசிக் கணக்கில் சேர்க்கும் உங்கள் மீட்டர் பற்றிய புகார்

வணக்கம்ங்க.

உங்கள் காற்றுத்தர மீட்டரை ஆன்லைனில் வாங்கி, ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாட்டியிருக்கிறோம். அம்மாவுக்கு வீசிங். எந்த நேரத்தில் அவர் வாசலுக்கு வரலாம் என்று பார்க்கத்தான் வாங்கினோம்.

பனி இறங்கும் விடியற்காலையில் பிஎம் 2.5 (காற்றில் மிதக்கும் நுண்துகள்) அளவு 150 என்று சிவப்பில் எரிகிறது, அதே திரையின் ஓரத்தில் ஈரப்பதம் 92 சதவீதம் என்றும் இருக்கிறது, வெயில் ஏறி ஈரம் வடிந்ததும் எண் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. உங்கள் கஸ்டமர் கேரில் கேட்டால் "உங்க ஏரியாவுல புகை ஜாஸ்தி சார், எங்க ஏர் ப்யூரிஃபையர் வாங்கிக்குங்க" என்கிறார்கள்.

புகை இல்லையென்று நான் சொல்லவில்லை. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் நாட்டுச் சர்க்கரை காய்ச்சுகிற ஊர் இது, ஆலை அடுப்பில் கரும்புச் சக்கைதான் எரிகிறது, பனிக்காலத்தில் அந்தப் புகை தரையோடு தேங்கவும் செய்யும். ஆனால் ஆலை ஓடாத நாளிலும் பனி இறங்கினால் உங்கள் எண் எகிறுகிறதே, அதற்கு என்ன பதில்?

சக்கைப் புகையில் பெரும்பகுதி கரிமத் (ஆர்கானிக்) துகள்கள். காற்றில் மிதக்கும் அமோனியம் சல்ஃபேட் மாதிரியான உப்புத் துகள் 80 சதவீத ஈரப்பதத்தில் சட்டென்று கரைந்து பருக்கும். கரிமத் துகள்களில் பெரும்பாலானவை அப்படியில்லை, ஈரம் கூடக் கூடக் கொஞ்சம் கொஞ்சமாக நீரை உறிஞ்சும். உப்பைவிடக் குறைவாக உறிஞ்சினாலும், 90 சதவீதத்தில் அவற்றின் கன அளவு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். பருத்த துகள் மீட்டருக்குள் இருக்கும் லேசர் ஒளியை அதிகமாகச் சிதறடிக்கிறது, உங்கள் மீட்டர் அதையெல்லாம் தூசி என்று எண்ணுகிறது. அரசின் காற்றுத்தர நிலையங்களில் உள்ளே இழுக்கும் காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்த பிறகே அளக்கிறார்கள். 24 மணி நேரச் சராசரிக்குக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்ற இந்திய வரம்பும் அப்படி அளப்பதற்கு வைத்ததுதான், ஈரத்தோடு வருகிற எண்ணை அதன் பக்கத்தில் வைத்துச் சிவப்பு விளக்கு போடுவது எப்படிச் சரியாகும்?

ஈரப்பத சென்சார் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதை வைத்து எண்ணைத் திருத்த ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் போதும். அப்புறம், ஈரம் அதிகமானால் அளவு கூடுதலாகக் காட்டும் என்று கையேட்டிலும் அட்டைப்பெட்டியிலும் தமிழில் அச்சடியுங்கள். இரண்டும் முடியாதென்றால் மீட்டரை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தாருங்கள். இந்தச் சிவப்பைப் பார்த்துப் பயந்து அம்மா காலை நடையையே விட்டுவிட்டார்.

பதில் போனில் வேண்டாம், எழுத்தில் அனுப்புங்கள்.