சயாமுக்குப் போன பெரிய தாத்தாவும் ஹேக் கோர்ட்டும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம பேப்பர்ல ஒரு வாசகர் எழுதியிருந்தாரு, ஹேக் கோர்ட்டு, அதாவது நெதர்லாந்து ஹேக் ஊர்ல இருக்கற அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம், வெள்ளைக்காரன் நடத்தற கோர்ட்டு, நமக்கு எதுக்கு அந்த வம்புன்னு. ஜெலுத்தோங்ல கோப்பிக் கடையில உக்காந்து படிச்சுட்டு இருந்தேன், பக்கத்து மேசை அண்ணன் எட்டிப் பாத்துட்டு "பத்து பூத்தே தீவ சிங்கப்பூருக்குத் தூக்கிக் குடுத்த கோர்ட்டு தானே தம்பி, வேணாம் விடு"ங்கறாரு. இல்லண்ணே அது வேற இது வேறன்னு ஆரம்பிச்சேன், கோப்பி ஆறிப்போச்சு. ரெண்டுமே ஹேக் ஊர்லதான் இருக்கு, அதான் கொழப்பம். 2008ல மலேசியாவும் சிங்கப்பூரும் மோதுன தீவு கேஸ்ல தீர்ப்பு சொன்னது அனைத்துலக நீதிமன்றம், நாட்டுக்கும் நாட்டுக்கும் உள்ள தகராற பாக்கற கோர்ட்டு. இது தனி ஆளப் புடிச்சு கூண்டுல ஏத்தற கோர்ட்டு. 1998ல ரோம்ல ஒப்பந்தம் போட்டு 2002ல நடைமுறைக்கு வந்துச்சு. இனப்படுகொலை, மனித குலத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம், ஆக்கிரமிப்பு, இந்த நாலுதான் அதோட வேலை. அதுவும் சொந்த நாட்டுக் கோர்ட்டு ஒழுங்கா விசாரிச்சா இவங்க உள்ளயே வர மாட்டாங்க.

நம்ம நாடு அதுல சேந்துச்சுன்னே நெறைய பேருக்கு ஞாபகம் இல்ல. 2019 மார்ச் 4ஆம் தேதி மலேசியா ஐ.நா.வுல சேர்ற பத்திரத்தக் குடுத்துச்சு. ஒரு மாசம்தான் தாங்குச்சு. பேரரசரக் கொண்டு போயி கூண்டுல நிறுத்திடுவாங்க, மலாய் ஆட்சியாளருங்க அதிகாரம் போயிடும்னு வாட்சாப்ல தீயா பரவுச்சு. பேரரசர் அமைச்சரவை சொல்றபடி நடக்கறவரு, போருக்கு உத்தரவு போடறவரு இல்லன்னு அப்ப சட்டத்துறைத் தலைவரா இருந்த டோமி தோமஸ் தரப்புல எவ்வளவோ சொல்லிப் பாத்தாங்க, எடுபடல. ஏப்ரல் 5ஆம் தேதி அப்ப பிரதமரா இருந்த மகாதீர் வாபஸ்னு சொல்லிட்டாரு, மாசக் கடைசியில ஐ.நா.வுக்கு கடுதாசி போயிடுச்சு. ஜூன் 1ஆம் தேதிதான் நமக்கு அமலுக்கு வர வேண்டியது, அதனால மலேசியா ஒரு நாள் கூட அதுல முழு உறுப்பினரா இருந்ததில்ல. இங்கிலாந்து, நெதர்லாந்து, நார்வே, சுவீடன், ஜோர்டான், கம்போடியா எல்லாம் ராஜா இருக்கற நாடுதான், எல்லாரும் சேந்திருந்தாங்க, எந்த ராஜா கூண்டுல நின்னாரு?

அந்த வரிசையில ஜப்பானும் இருக்கு. 2007ல சேந்துச்சு. 2024ல அந்தக் கோர்ட்டுக்குத் தலைவரா வந்ததும் ஒரு ஜப்பான்கார அம்மாதான், தொமொகோ அக்கானே. இதப் படிச்சப்ப எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு, ஏன்னு சொல்றேன்.

என் தாத்தாவோட அண்ணன், நாங்க பெரிய தாத்தான்னு சொல்வோம், சுங்கை பட்டாணி பக்கம் ஒரு தோட்டத்துல பால்மரம் வெட்டிக்கிட்டு இருந்தவரு. மலாயா ஜப்பான்காரன் கையில இருந்த 1943ல தோட்டத்துக்கு அவங்க ஆளுங்க வந்தாங்களாம், மூணு மாசம் வேல, நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், ரேஷன் ப்ரீன்னு. லோரியில ஏத்துனாங்க, அதோட சரி. சயாம் மரண ரயிலு, ஜப்பான் ராணுவம் சயாம்ல, இப்ப தாய்லாந்து, இருந்து பர்மா வரைக்கும் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை. மலாயாவுல இருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல கொண்டு போனாங்க, அதுல பெரும்பாலும் தோட்டத்துத் தமிழங்க. காலராவுலயும் பசியிலயும் அடியிலயும் செத்தவங்கள யாரும் ஒழுங்கா எண்ணி வைக்கல. பெரிய பாட்டி 1971ல சாகற வரைக்கும் பொட்டு அழிக்கல, சாவுச் சேதி வரலையே, வராம எப்படி அழிக்கறதுன்னு கேப்பாங்களாம்.

சண்ட முடிஞ்சு விசாரணை நடக்காம இல்ல. 1946ல இங்க பினாங்குலயே கெம்பெய்தாய்ங்கற ஜப்பான் ராணுவப் போலீஸ் ஆளுங்கள கோர்ட்டுல நிறுத்துனாங்க. சிங்கப்பூர்ல சயாம் ரயில் கேஸும் நடந்துச்சு. ஆனா அதுல பெருசா பேசுனது வெள்ளைக்கார போர்க்கைதிங்களப் பத்தி, ஏன்னா அவங்க ஆபீசருங்க ஒளிச்சு ஒளிச்சு டைரி எழுதி வச்சாங்க, பேர் லிஸ்டு வச்சிருந்தாங்க. தாய்லாந்துல அந்த ரயில் பாதை ஓரமா இருக்கற காஞ்சனபுரி போர்க்கல்லறையில ஏழாயிரம் பேருக்குக் கிட்ட அழகா கல்லு வச்சிருக்கு, நான் 2016ல போயிருந்தேன், வரிசை வரிசையா புல்லு வெட்டி பூச்செடி வச்சு அவ்வளவு சுத்தம், நம்மாளு பேரு ஒன்னு கூட அதுல இல்ல. அப்புறம் 1967ல ஜப்பான் 25 மில்லியன் வெள்ளி குடுக்கறதா மலேசியாவோட ஒப்பந்தம் போட்டு அத ரெண்டு கப்பலா குடுத்தாங்க. பெரிய பாட்டிக்கு அந்தக் கப்பலப் பத்தி தெரியவே தெரியாது.

இப்பப் பாருங்க, கொண்டு போன நாடு உள்ள உக்காந்து தீர்ப்பு சொல்லுது, பறிகொடுத்த நாடு வெளிய நிக்குது. ஜப்பான் சேந்தது நல்ல விஷயம்தான், அத நான் கொற சொல்லல, நாம ஏன் வெளிய நிக்கறோம்ங்கறதுதான் என் கேள்வி. 2002க்கு முன்னாடி நடந்தத இந்தக் கோர்ட்டு தொடாது, அதனால பெரிய தாத்தா கேஸுக்கு இது ஆகாதுன்னு எனக்குத் தெரியும்.

இன்னொன்னு சொன்னா நம்மாளுங்களுக்குக் கோவம் வரும், பரவால்ல. வருசா வருசம் மே 18 வந்தா மெழுகுவத்தி ஏத்தறோம், முள்ளிவாய்க்காலுக்குக் காரணமானவங்கள ஹேக்குக்குக் கொண்டு போன்னு கத்தறோம், நானும் கத்தியிருக்கேன். கத்த வேண்டியதுதான். மிருசுவில்ல எட்டுத் தமிழங்களக் கொன்ன ராணுவக்காரனுக்கு இலங்கைக் கோர்ட்டே 2015ல தூக்குத்தண்டன குடுத்துச்சு, 2020ல ஜனாதிபதி மன்னிச்சு வெளிய விட்டுட்டாரு, அப்புறம் உள்நாட்டுக் கோர்ட்ட எப்படி நம்பறது? ஆனா 2019 ஏப்ரல்ல நம்ம சொந்த நாடு அதே ஹேக் கோர்ட்டுல இருந்து பின்வாங்குனப்ப நம்ம கட்சி, நம்ம சங்கம் எத்தன பேரு வாயத் தொறந்தாங்க? நானும் தொறக்கல. நாம சேந்தாலும் இலங்க உறுப்பு நாடா இல்லாததால அந்தக் கேஸு தானா நடந்துடாது, ஐ.நா. பாதுகாப்பு மன்றம் அனுப்பணும், அங்க ஒரு வல்லரசு வேணாம்னாலே தடுத்துடற வீட்டோ இருக்கு. அந்த வீட்டோ நமக்கும் அடிபட்டதுதான், 2014ல உக்ரைன்ல சுட்டு விழுத்துன நம்ம எம்எச்17 விமானத்துல 298 பேர் போயி அதுல 43 பேர் மலேசியருங்க, தனி விசாரணை மன்றம் வேணும்னு 2015ல நாம கொண்டு போன தீர்மானத்த ரஷ்யா வீட்டோ போட்டு கொன்னுடுச்சு.

வெள்ளைக்காரன் கோர்ட்டுன்னு எழுதுன அந்த வாசகர், காஸா போருக்காக இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவுக்கு இதே கோர்ட்டு போட்ட கைது வாரண்ட்ட என்ன சொல்லுவாரு? 2024 நவம்பர்ல அது வந்தப்ப இங்க எல்லாரும் கை தட்டுனாங்க. பாலஸ்தீனம் 2015ல உறுப்பினரா சேந்ததாலதான் அந்தக் கேஸுக்கே வழி பொறந்துச்சு. பிலிப்பைன்ஸப் பாருங்க, நாம பத்திரம் குடுத்த 13ஆம் நாளு அவங்க வெளிய போயிட்டாங்க, ஆனாலும் உள்ள இருந்த காலத்துல நடந்த கொலைக்கு அவங்க முன்னாள் அதிபர் டுடெர்டேவ 2025 மார்ச்ல மணிலா ஏர்போர்ட்டுலயே புடிச்சு ஹேக்குக்கு ஏத்திட்டாங்க. அமெரிக்கா, சீனா, ரஷ்யா, இந்தியா யாரும் சேரல, கோர்ட்டு மெதுவா நடக்குது, எல்லாம் உண்ம. அதுக்காக நாமளும் வாசல்லயே நிக்கணுமா?

அடுத்த மாசம் எங்க தாமான் ஹால்ல எம்.பி. வர்றாரு, வடிகால் பிரச்சனை பேசத்தான் கூட்டம். கை தூக்கி இதத்தான் கேக்கப் போறேன், சிரிச்சாலும் சரி. என்ன சொன்னாருன்னு அப்புறம் எழுதறேன், எடம் இருந்தா போடுங்க.

இப்படிக்கு,
சயாமுக்குப் போனவரு வீட்டுப் பேரன்,
ஜெலுத்தோங், பினாங்கு