கையெழுத்து மட்டும் வாடகைக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு கட்டி முடித்து மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது, ஒயரிங் முடிந்தது, சோதித்துப் பார்த்தாயிற்று என்று உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் கையெழுத்திட்ட அறிக்கை ஒன்று தேவைப்படுகிறது. இந்தக் கையெழுத்து பல ஊர்களில் தனியாக விலைக்குக் கிடைக்கிறது. ஒயர் இழுத்தவர் ஒருவர், கையெழுத்துப் போடுகிறவர் வேறொருவர். அவர் அந்தத் தெருப்பக்கமே வந்திருக்க மாட்டார். வீட்டுக்காரரும் பத்திரச் செலவு, பிளான் செலவு வரிசையில் இதையும் எழுதிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். அந்தத் தாளுக்குப் பின்னால் என்ன வேலை நடந்திருக்க வேண்டும் என்பதை, இதே தொழிலில் இருக்கிறவர்கள் என்ற முறையில் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

சட்டம் புதிதல்ல. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆம் விதியாகவே இது இருந்தது. பிறகு மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் வந்தது. இப்போது அவற்றின் இடத்தில் 2023 ஒழுங்குமுறைகள் இருக்கின்றன. பல்பு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை, இணைப்பின் திறனும் தன்மையும் மாறாதபடி யாரும் மாற்றிக்கொள்ளலாம். மற்றபடி புது வேலையோ கூடுதல் வேலையோ பழுது பார்ப்பதோ, மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும். அதுவும் தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில். மாடியில் ஓர் அறை எடுத்து அதற்கு லைன் கொண்டுபோவதும், கார் சார்ஜருக்குத் தனி லைன் இழுப்பதும் இதில் அடக்கம்.

இணைப்புக் கொடுக்கும் முன் மின்வாரியம் தானே சோதிக்கலாம், அல்லது உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் கையெழுத்திட்ட சோதனை முடிவை ஏற்றுக்கொள்ளலாம் என்று 2010 ஒழுங்குமுறைகள் கூறின. நடைமுறையில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். ஆகவே கையெழுத்து வெறும் மையாகிவிட்டால், அந்த வீட்டு ஒயரிங்கை யாருமே சோதிக்கவில்லை என்றுதான் பொருள்.

தமிழ்நாட்டில் உரிமம் தருவது கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இயங்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம். உரிமம் வேறு, தகுதிச் சான்றிதழ் வேறு. தகுதிச் சான்றிதழ் ஆளுக்கு. உரிமம் தொழில் நடத்துகிறவருக்கு. சான்றிதழில் 'எச்' என்பது மின்கம்பியாள் உதவியாளருக்கு, 'பி' மின்கம்பியாளருக்கு, 'சி' மேற்பார்வையாளருக்கு. ஐ.டி.ஐ. படித்தவர் 'பி' பக்கம் போகலாம். டிப்ளமோ, பொறியியல் படித்தவர் அனுபவச் சான்றோடு 'சி' பக்கம் போகலாம். ஒப்பந்ததாரர் உரிமம் கேட்கிறவர் சான்றிதழ் உள்ள ஆட்களை, அவர்களுடைய சம்மதத்தோடு, தன்னிடம் வேலைக்கு வைத்திருப்பதாகக் காட்ட வேண்டும். மெக்கர் (ஒயரின் காப்பை அளப்பது), எர்த் டெஸ்டர் (எர்த்தின் தடையை அளப்பது), டாங் டெஸ்டர் (ஒயரை அறுக்காமல் மின்சாரத்தை அளப்பது) போன்ற கருவிகளும் கையில் இருக்க வேண்டும். தாழ்வழுத்தத்துக்கு மட்டும் வாங்கிய உரிமத்தை வைத்துக்கொண்டு உயரழுத்த வேலை எடுக்க முடியாது. இதில் அடிக்கடி நடக்கும் கோளாறு, உரிமம் வாங்கும் நாளில் பெயரளவுக்குச் சேர்த்த 'சி' சான்றிதழ்க்காரர் அப்புறம் வெளிநாடு போயிருப்பார், அல்லது வேறு கம்பெனியில் இருப்பார். உரிமப் புத்தகம் மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருக்கும்.

படிப்பில்லாமல் வேலையில் வளர்ந்தவர்களுக்கும் ஒரு வழி உண்டு. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அரசு ஐ.டி.ஐ.க்களில் நடத்துகிறது. விண்ணப்பிக்கும் நாளில் 21 வயது முடிந்திருக்க வேண்டும். ஒயரிங் தொழிலில் 5 ஆண்டுக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும். பையன்கள் இடறி விழுவது இந்த அனுபவத்தில்தான். பதினெட்டு வயதில் உரிமமில்லாத மேஸ்திரியிடம் சேர்ந்து, எட்டு வருடம் சுவர் வெட்டி, பைப் பதித்து, டி.பி. பாக்ஸ் (வீட்டின் லைன்களைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) கட்டப் பழகியவனுக்கு அதை எழுதித்தர ஆளில்லை. மேஸ்திரி எழுதித் தந்தால் செல்லாது. கடைசியில் அவனும் சான்றுக்காக ஒரு கையெழுத்தை விலைக்கு வாங்குகிறான். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையை நீட்டி 'இதுதான் என் லைசென்ஸ்' என்கிறவர்களும் உண்டு. அது உதவித்தொகைக்கான அட்டை. ஒயரிங் தகுதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி சோதனை. மெக்கர் வைத்துப் பார்ப்பது ஒரு சிறு வீட்டுக்கு அரைமணி நேர வேலை. மெயினை அணைத்து, எல்.இ.டி. விளக்குகளைக் கழற்றி, பிளக்கில் செருகியதையெல்லாம் எடுத்து, டி.பி.யில் நியூட்ரல்களைப் பிரித்துவிட வேண்டும். மின்னழுத்தம் திடீரென எகிறினால் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் இருந்தால் அதையும் விலக்க வேண்டும். மெக்கர் கொடுக்கும் 500 வோல்ட் அதன் வழியாகப் போனால் அளவு பொய்யாக வரும். சுவிட்சுகளை எல்லாம் போட்டுவிட்டு, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே, பிறகு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் டி.சி. ஒரு நிமிடம் கொடுத்தால், காப்பின் தடை 1 மெகா ஓமுக்கு (பத்து லட்சம் ஓம்) குறையக் கூடாது. இது சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். புது ஒயரிங்கில் இதைப்போலப் பல மடங்கு வரும். ஆகவே 2, 3 என்று காட்டினால் 'பாஸ்' என்று மூடிவிடாமல், ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பிரித்துத் தேட வேண்டும். பூச்சு காயாத ஜங்ஷன் பாக்ஸ், வளைவில் இழுக்கும்போது உரிந்த ஒயர், பைப்புக்குள் ஒளித்த ஜாயின்ட், ஃபால்ஸ் சீலிங் ஸ்க்ரூ: பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும். ஒயர் இழுத்ததும் ஒருமுறை, சீலிங் மூடிய பிறகு ஒருமுறை பார்த்தால் குற்றவாளி யார் என்பதும் தெரிந்துவிடும். எலெக்ட்ரீஷியனும் சீலிங்காரரும் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எர்த் விஷயத்தில் ஒரு கணக்கு. எர்த்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 3043 சொல்வது 38 மி.மீ.க்குக் குறையாத உள்விட்டமுள்ள, 2.5 மீட்டர் நீள ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப். பாறை நிலத்தில் ஆழம் போகாமல் ஒன்றரை மீட்டரில் அறுத்துவிடுகிறார்கள். சரியாகப் பதித்து எர்த்தின் தடை 10 ஓம் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஹீட்டரில் ஃபேஸ் கசிந்து அதன் இரும்பு உடம்பைத் தொட்டால், அந்த எர்த் பைப் வழியாக மட்டும் திரும்பும் மின்சாரம் 230ஐ 10ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். மின்சாரம் அளவுக்கு மீறினால் விழும் 32 ஆம்பியர் எம்.சி.பி. அதை ஏதோ ஒரு லோடு என்று நினைத்துச் சும்மா இருக்கும். ஆளைக் காப்பாற்றுவது, போன மின்சாரத்துக்கும் திரும்பியதற்கும் வித்தியாசம் வந்தால் விழும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மட்டுமே.

அந்த ஆர்.சி.சி.பி.யைத்தான் முதலில் கழற்றுகிறார்கள். அதன் வழியாகப் போகும் ஒரு சர்க்யூட்டின் நியூட்ரலையும், அதன் வழியாகப் போகாத இன்னொன்றின் நியூட்ரலையும் ஒரே பாக்ஸில் முறுக்கியிருப்பார்கள். போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் ஒத்துப்போகாததால் அது விழுந்துகொண்டே இருக்கும். 'பீஸ் சரியில்லை சார்' என்று சொல்லி நேரடியாக இணைத்துவிடுவார்கள். பீஸ் சரியாகத்தான் இருந்தது. இதைவிட மோசம், எர்த் ஒயர் இழுக்க மறந்த பிளக் பாயின்ட்டில் எர்த் முனையை நியூட்ரலோடு ஒரு துண்டு ஒயரால் கோத்துவிடுவது. டெஸ்ட் லாம்ப் போட்டால் எரியும், வீட்டுக்காரர் திருப்தியாவார். நியூட்ரல் எங்காவது அறுந்த அன்று வாஷிங் மெஷினின் உடம்பு முழுக்க ஃபேஸ். ஆர்.சி.சி.பி.யில் உள்ள 'டெஸ்ட்' பொத்தானை அழுத்தி அது விழுந்தால் எர்த் நன்றாக இருக்கிறது என்று நம்புகிறவர்கள் பலர். எர்த் ஒயரே இல்லாவிட்டாலும் அந்தப் பொத்தான் வேலை செய்யும்.

வீட்டுக்காரர்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் அதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே செய்ய வேண்டும். உரிமத்தைக் கேட்டு வாங்கி, பெயர், தரம், காலாவதித் தேதி மூன்றையும் பாருங்கள். மேற்பார்வையாளர் யார், அவர் எந்தெந்த நாளில் வருவார் என்று கேளுங்கள். லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் ஹீட்டருக்கும் 4 சதுர மி.மீ. என்று ஒயர் அளவை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். கடைசித் தவணையை, சர்க்யூட் வாரியாக மெக்கர் அளவும் எர்த் அளவும் எழுதிய தாள் கைக்கு வந்த பிறகு கொடுங்கள். 15 மீட்டருக்கு மேல் உயரமான கட்டிடமாக இருந்தால் மின் ஆய்வுத் துறையின் பங்கும் உண்டு. அதை பில்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

அரசிடம் எங்கள் கோரிக்கை இதுதான். மின்வாரியம் ஏற்கும் நிறைவு அறிக்கையில் மெக்கர் அளவு, எர்த் ஓம், சோதித்த தேதி, மேற்பார்வையாளரின் சான்றிதழ் எண் இவற்றுக்குக் கட்டாயக் கட்டங்கள் இருக்கட்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் விண்ணப்பம் நகரக் கூடாது. ஒரே சான்றிதழ் எண் ஒரே நாளில் மூன்று மாவட்டங்களில் சோதனை செய்ததாக வந்தால் கணினியே கேள்வி கேட்கலாம். உரிமமில்லாதவரிடம் வேலை பழகிய பையன்களின் அனுபவத்தை, சான்றுத் தாள் கேட்பதற்குப் பதிலாக அரசு ஐ.டி.ஐ.யில் செய்முறைத் தேர்வு வைத்து எடைபோட ஒரு வழி வேண்டும். டி.பி. கட்டத் தெரிந்தவன் யார், தெரியாதவன் யார் என்பது பலகைக்கு முன்னால் நிறுத்தினால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
உரிமம் பெற்ற மின் பணியாளர்கள் சிலர்,
மதுரை.