சிசிலித் தீவின் எரிச்சே மலையிலிருந்து அப்பா

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இங்கே நல்ல சுகம். அம்மாவுக்குத் தடிமன் விட்டுவிட்டது. நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. போன மாதத்தை விடக் கூட்டி அனுப்பியிருக்கிறாய். எதற்கு? எங்களுக்கு இங்கே செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வாத்தியார் வீட்டிலேயே இருப்பு, சாப்பாடு. உன் பணத்தைத் தபால் கந்தோர்க் கணக்கில் அப்படியே போட்டு வைத்திருக்கிறேன், தொடவில்லை.

போன் எடுத்தால் "எல்லாம் ஓகே அப்பா" என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுவாய். இப்போது அதுவும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நீ பாதியில் வைக்க ஏலாது.

லண்டன் ஹரோவில் இருக்கும் மாமி ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு கதைத்தார். உன்னைப் பகல் பதினொரு மணிக்கு ஸ்டேஷனடியில் கண்டாராம், கிழமை நாளில். லீவாக இருக்கும் என்று அம்மா சொல்லிவிட்டாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இங்கே சீசன் முடிந்துவிட்டது. காற்று பலமாக இருக்கிறது. த்ராபானியில் இருந்து வரும் கேபிள் கார் ஒரு நாள் ஓடினால் மறுநாள் நிற்கிறது. மூடுபனி தொடங்கிவிட்டது. வீனஸின் முத்தம் என்று ஊர்க்காரர் பெருமையாகச் சொல்வார்களே, அந்த முத்தம் பட்ட உடுப்பு மூன்று நாளானாலும் காயாது. கொடியைப் பார்த்துப் பார்த்து அம்மா வீனஸைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

வாத்தியார் உன்னை விசாரிக்காத நாள் இல்லை. பின்னேரம் அவரைக் கையில் பிடித்துக்கொண்டு வழக்கமான சுற்றுத்தான். த்ராபானி வாசல், பெரிய கோயில், அங்கிருந்து மெல்ல மெல்ல ஏறிக் கோட்டை. கல் பாவிய தெரு மழைக்கு வழுக்குகிறது. பெரிய கோயிலின் மணிக்கோபுரத்தடியில் ஒவ்வொரு நாளும் நின்று அதே கதையைச் சொல்வார். 1314இல் அரசன் மூன்றாம் ஃபெடரிகோ கட்டிய கோயில், கோபுரம் முதலில் கடலைப் பார்க்கும் காவல் கோபுரம், கல்லெல்லாம் பழைய வீனஸ் கோயிலில் இருந்து வந்தது என்று. நீ அந்தக் கோபுரத்தின் மேல் நின்று ஃபாவிஞ்ஞானா தீவைப் பார்த்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்ததையும் கடைசியில் சேர்த்துக்கொள்வார். அவருக்கு அதுவும் சரித்திரம்தான்.

சாப்பிடுகிறாயா? பாணும் ஜாமும் சாப்பாடு இல்லை. அரிசி வாங்கிச் சமை.

கோட்டையடியில் இருக்கும்போது போன கிழமை ஒரு கதை சொன்னார். அதை நான் முன்பு கேட்டதில்லை. நீ கேட்டிருப்பாய், லத்தீன் படித்தவன். நார்மன்கள் கோட்டை கட்டிய அந்தப் பாறையில்தான் வீனஸ் கோயில் இருந்தது, அது எனக்குத் தெரியும். பினீசியர் அஸ்தார்த்தே என்று கும்பிட்டார்கள், கிரேக்கர் அஃப்ரொடைட்டி என்றார்கள், ரோமர் வீனஸ் என்றார்கள். ஆள் ஒருத்திதான். ரோமர் இந்த மலை அம்மனுக்குத் தங்கள் நகரத்திலேயே ஒரு கோயில் எழுப்பினார்கள், கி.மு. 215இல். கடல் தாண்டி வந்தவர் எல்லோரும் காணிக்கை கொடுத்ததால் வெள்ளிப் பாத்திரம் குவிந்து கிடந்ததாம்.

கதை இதுதான். பக்கத்தில் இருக்கிற சேஜெஸ்தா ஊர்க்காரருக்குச் செலினுந்தே என்ற ஊரோடு சண்டை. ஏதென்ஸிடம் உதவி கேட்டார்கள். செலவுக்கு எங்களிடம் பணம் இருக்கிறது என்றார்கள். அது உண்மையா என்று பார்க்க ஏதென்ஸில் இருந்து தூதர் வந்தார்கள். அவர்களை இந்த மலைக்குக் கூட்டி வந்து கோயில் பாத்திரங்களைக் காட்டினார்கள். வெள்ளி என்பதால் பார்வைக்குப் பெரிது, பெறுமதி அவ்வளவு இல்லை. பிறகு வீடு வீடாக விருந்து. ஒவ்வொரு வீட்டிலும் தங்கக் கிண்ணம், வெள்ளிக் கிண்ணம். ஊரில் இருந்ததையெல்லாம் சேர்த்து, அயலூர்களிலும் இரவல் வாங்கி, அதே கிண்ணங்களை ஒரு வீட்டில் இருந்து அடுத்த வீட்டுக்குச் சுற்ற விட்டிருக்கிறார்கள். தூதர் நம்பிவிட்டார்கள். கி.மு. 415இல் நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களோடு படை வந்து இறங்கியபோது சேஜெஸ்தாவில் இருந்தது முப்பது தாலந்துப் பணம்தான். அந்தப் படை இரண்டு வருடத்தில் அழிந்து போனது. பழைய கிரேக்கச் சரித்திரக்காரர் எழுதி வைத்திருக்கிறாராம்.

வாத்தியார் ஏதென்ஸ்காரரின் பேராசையைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு அந்த விருந்து வைத்த மனிதர்கள்தான் நினைவில் நின்றார்கள். ஒரு வாய் ஒழுங்காகச் சாப்பிட்டிருப்பார்களா? கிண்ணம் எங்கே, எண்ணிக்கை சரியா, நாளைக்கு யாரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே சிரித்துக்கொண்டு இருந்திருப்பார்கள். நம் ஊரிலும் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பக்கத்து வீட்டுக் கதிரை முதல் நாளே வந்துவிடும். உன் அம்மம்மா அன்றைக்குப் போட்டிருந்த சங்கிலி யாருடையது என்று உனக்கே தெரியும்.

கடன் வாங்கி ஒருவருக்கும் ஒன்றும் அனுப்பக் கூடாது. பொதுவாகச் சொல்கிறேன். கிரெடிட் கார்டு என்பதும் கடன்தான்.

உன்னைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மடங்களில் மாநாடு வைக்கிறார்களே, மயோரானா மையம், அங்கே வரும் விஞ்ஞானிகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு இங்கிலீஷில் கதைத்துக்கொண்டே வருவாய். அந்த வயதில் எனக்கு இத்தாலியனும் வராது, இங்கிலீஷும் வராது. இந்தத் தெருவில் இன்றைக்கும் "அந்தக் கெட்டிக்காரப் பையனின் அப்பா" என்றுதான் என்னைத் தெரியும். ஆனால் மாமியின் மகன் பெரிதாக ஒன்றும் படிக்கவில்லை, அவன் ஒவ்வொரு ஞாயிறும் தாயோடு கதைக்கிறான். நீ கெட்டிக்காரன், உனக்கு நேரம் இல்லை. சரி.

அம்மா செப்டம்பரில் பலெர்மோவுக்குப் போய் ரோசாலியா மாதாவின் மலை ஏறினாள், வெறுங்காலோடு. எங்கள் சனம் வழக்கம்போல நிறைய. நாங்கள் சைவம் என்பதெல்லாம் அவளுக்கு அந்த மலையடியில் ஞாபகம் இருக்காது. யாருக்கு நேர்த்தி என்று கேட்டேன். தன் முழங்காலுக்காம். முழங்காலுக்கு நேர்த்தி வைத்து யாராவது வெறுங்காலோடு மலை ஏறுவார்களா?

மாரியில் சுவருக்குள் சனம் குறைவு என்று உனக்குத் தெரியும். எரிச்சேக்காரர் என்று சொல்கிறவர்களில் அநேகம் பேர் கீழே த்ராபானிப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். மேலே பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. வெளியே போன பிள்ளைகள் சில வேளை வந்து ஒரு மாதம், இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகிறார்கள். ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். வாத்தியார் வீட்டுப் பின்னறையை அம்மா துடைத்து வைத்திருக்கிறாள். வாத்தியாரே சொன்னார் துடைக்கச் சொல்லி. ஈஸ்டருக்குப் பிறகு ஹோட்டல்களில் இங்கிலீஷ் தெரிந்த ஆள் தேடுவார்கள் என்று காதில் விழுந்தது. அது வேறு விஷயம், கேள்விப்பட்டதை எழுதினேன்.

இந்த மாதம் பணம் அனுப்பாதே. அடுத்த மாதமும் வேண்டாம். தபால் கந்தோரில் இருப்பது உன் பணம், டிக்கெட்டுக்கு அதுவே போதும், நான் இங்கிருந்து எடுத்து அனுப்புகிறேன். பலெர்மோவுக்கு வா, விமான நிலையத்தில் இருந்து த்ராபானிக்கு பஸ் இருக்கிறது. காற்றென்றால் கேபிள் காரை நம்பாதே, மலை பஸ்ஸில் ஏறு. தடித்த ஜாக்கெட் கொண்டுவா. பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று பார்த்து ஒரு வரி எழுது. போனில் சொல்ல விருப்பமில்லை என்றால் அம்மாவின் வாட்ஸ்அப்பில் திகதியை மட்டும் போடு, வேறொன்றும் எழுத வேண்டாம்.

அப்பா