பட்டியலில் இல்லாத பெயர்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். போன் போட்டால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். சீட்டுப் பணம் கையை விட்டுப் போனதை உன் அம்மா வாய் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன். பணம் போனதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

சரி, விடு. அக்டோபர் 14 காலைப் பூசைக்குப் போயிருந்தேன். புனித கலிஸ்டஸ் திருநாள். சாமியார் இரண்டு வரியில் முடித்துவிட்டார். எனக்கு மனசு கேட்காமல் வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் தேடிப் படித்தேன்.

இந்த மனிதர் பாப்பரசர் ஆவதற்கு முன்னால் உரோமையில் ஓர் அடிமை. எசமான் கார்போபோருஸ் வட்டிக்கடை வைத்துக் கொடுத்தார். விதவைகளும் சபையாரும் நம்பிப் பணம் போட்டார்கள். அத்தனையும் போயிற்று. கலிஸ்டஸ் போர்த்துஸ் துறைமுகத்துக்கு ஓடிக் கப்பல் ஏறிவிட்டார். கப்பல் கிளம்பவில்லை. கரையில் எசமான் வருவது தெரிந்ததும் கடலில் குதித்துவிட்டார். கரையில் நின்றவர்கள் கூச்சல் போட, மாலுமிகள் படகில் போய்த் தூக்கி வந்தார்கள். அப்புறம் மாவரைக்கும் ஆலையில் தண்டனை. அங்கிருந்து அவரை விடச் சொல்லி எசமானிடம் மன்றாடியது சபைச் சகோதரர்கள்தான்! வெளியே விட்டால் பணம் வசூலாகும் என்ற கணக்கு.

வெளியே வந்தும் யூதர்களின் தொழுகைக்கூடத்தில் தகராறு, சவுக்கடி, சார்தீனியாத் தீவுச் சுரங்கத்தில் தண்டனை. பேரரசன் கொம்மோதுஸின் துணைவி மார்சியா, சுரங்கத்தில் கிடந்த கிறிஸ்தவர்களை விடுவிக்கப் பாப்பரசர் விக்டரிடம் பெயர்ப்பட்டியல் வாங்கினாள். அதில் இவர் பெயர் இல்லை. பட்டியல் கொண்டு வந்தவரின் காலில் விழுந்து அழுதுதான் வெளியே வந்தார்.

இதெல்லாம் எழுதி வைத்தது இப்போலித்து என்ற அவருடைய எதிரி. பாதி வயிற்றெரிச்சல் என்று வைத்துக்கொள். பின்னால் செப்பிரீனுஸ் பாப்பரசர் இவரை அப்பியா சாலைக் கல்லறைகளுக்குப் பொறுப்பாக வைத்தார். 217 வாக்கில் இவரே பாப்பரசரானார். பெரும் பாவம் செய்தவர்களும் மனம் திரும்பினால் சபையில் சேர்க்கலாம் என்றார். சுதந்திரப் பெண்கள் அடிமைகளை மணப்பதையும் ஏற்றார். இப்போலித்துவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆனால் 235-இல் அவரையும் அதே சார்தீனியாவுக்குத்தான் நாடு கடத்தினார்கள்; அங்கேயே இறந்தார். இன்று இரண்டு பேருமே புனிதர்கள். எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்தது, உன் அம்மாவுக்கு அழுகை.

யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு. ஒரு பெயரையும் விட்டுவிடாதே. முதலில் விதவைகள் இருந்தால் அவர்கள் பெயர். என் சேமிப்பில் கொஞ்சம் இருக்கிறது, மீதிக்கு உட்கார்ந்து பேசலாம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் போன் பண்ணுவேன். எடுடா.

உன் அப்பா