நோயாளிக்கு முன்பே வார்டுக்கு வந்துவிடும் கதைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கதை, கவிதை, சினிமா எல்லாம் வேலையில்லாத நேரத்துக்கான பொழுதுபோக்கு, வாழ்க்கையைப் பற்றி அவற்றிடம் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று சென்ற வாரம் வாசகர் கடிதப் பகுதியில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் 31 வருடம் செவிலியராக வேலை பார்த்துவிட்டு, அதைப் படித்துப் பேசாமல் மடித்து வைக்க என்னால் முடியவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓர் இரவு நடந்ததைச் சொல்கிறேன். வயதான ஒருவரின் இதயம் நின்றுவிட்டது. நெஞ்சை அழுத்தினோம், மருந்து ஏற்றினோம், மூச்சுக் குழாய் வைத்தோம். மானிட்டரில் கோடு நேராகவே ஓடிக்கொண்டிருந்தது. கதவருகே நின்ற மகன், "சிஸ்டர், ஷாக் குடுங்க! ஏன் குடுக்க மாட்டேங்கிறீங்க?" என்று கத்தினார். கோடு நேராக இருந்தால் இதயத்தில் மின்துடிப்பே இல்லை என்று அர்த்தம். ஷாக் கொடுப்பது, தாறுமாறாக நடுங்குகிற இதயத்தை ஒரு கணம் அடக்கி, அது பழைய ஒழுங்குக்குத் திரும்ப வழிவிடுவதற்காக. அடியோடு நின்றுபோன இதயத்துக்கு அதனால் பயன் இல்லை. ஆனால் படங்களில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! நேர்கோடு, ஷாக், உடம்பு தூக்கிப்போடுகிறது, கண் திறக்கிறது. பிறகு வராந்தாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அப்பாவைக் காப்பாற்ற இருந்த ஒரே வழியை நாங்கள் செய்யவில்லை என்ற எண்ணத்தோடுதான் அவர் போனார். இன்றுவரை அதை அவர் சுமந்துகொண்டிருக்கலாம்.

இது ஒரு மனிதரின் விஷயம் மட்டும் இல்லை. 1996இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் மூன்று தொலைக்காட்சித் தொடர்களை உட்கார்ந்து பார்த்து, இதயம் நின்றவர்களில் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று எண்ணி, 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் எழுதினார்கள். திரையில் 75 சதவீதம் பேர் அந்த நேரத்துக்குப் பிழைத்துவிட்டார்கள். 67 சதவீதம் பேர் வீட்டுக்கே திரும்பிவிட்டதாகத் தெரிந்தது. நிஜத்தில், மருத்துவமனைக்குள்ளேயே இதயம் நின்றவர்களில் வீடு திரும்புவது ஏறக்குறைய நாலைந்து பேரில் ஒருவர்தான்.

ஆகவே சினிமா எதையும் கற்றுத்தராது என்று அந்த அன்பர் சொல்வதை எப்படி ஏற்பேன்? கற்றுத்தருகிறது. மரணம் நம் வீட்டுக்கு வருவதற்குப் பல வருடம் முன்பே, அது எப்படி இருக்கும் என்று நமக்குள் ஒரு படத்தைப் போட்டுவைக்கிறது. அந்தப் படம் பொய்யாக இருந்தால், வலி இரண்டு மடங்காகிறது.

உண்மையாக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் 1886இல் வெளியிட்ட 'இவான் இலியிச்சின் மரணம்' என்ற கதையை நான் வேலைக்குச் சேர்ந்த நாலாம் வருடம் படித்தேன். சாகக் கிடக்கிறவனை நோயை விட அதிகமாக வதைப்பது, சுற்றியிருப்பவர்கள் சொல்லும் பொய். அவன் சாகப்போகிறான் என்று எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனாலும் "வெறும் நோய்தான், சரியாகிவிடும்" என்றே நடிக்கிறார்கள். கெராசிம் என்ற வேலைக்காரப் பையன் மட்டும் நடிப்பதில்லை. காலைத் தூக்கிவைத்தால் வலி குறைகிறது என்று இவான் சொல்ல, இரவெல்லாம் அந்தக் கால்களைத் தன் தோளில் தாங்கி உட்கார்ந்திருக்கிறான். அதைப் படித்த மறுநாள் வார்டுக்குப் போனபோது எனக்கே என் வாய் கூசியது. "ஒண்ணும் இல்லைம்மா, சரியாகிடும்" என்று அதுவரை எத்தனை கட்டில்களில் சொல்லியிருக்கிறேன்! அதற்குப் பிறகு, சரியாகாது என்று தெரிந்தவர்களிடம் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. "எங்கே வலிக்குது, எப்படித் திருப்பிப் படுக்கவைக்கட்டும்?" என்று கேட்கப் பழகினேன். பயிற்சிக் காலத்தில் யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

அப்புறம் தொல்காப்பியம். என் மகள் தமிழ் முதுகலை படித்தபோது அவளுடைய பாடப்புத்தகத்தை நைட் ட்யூட்டிக்கு எடுத்துப் போவேன். உணர்ச்சிகள் உடம்பில் வெளிப்படுவதைப் பற்றிச் சொல்லும் மெய்ப்பாட்டியல் என்ற பகுதியில் அழுகைக்கு நான்கு காரணம் சொல்லியிருக்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்ததால் வரும் அழுகை வேறு, இழந்ததால் வரும் அழுகை வேறு, இல்லாமையால் வருவது வேறு. அசைவு என்றால், முன்பிருந்த நிலை கெட்டு வேறு விதமாக ஆகிவிட்ட வருத்தம் என்று உரையில் இருந்தது. அந்த வரியில் என் விரல் அப்படியே நின்றுவிட்டது. அப்போது எங்கள் வார்டில் ஓவிய ஆசிரியர் ஒருவர் இருந்தார். பக்கவாதத்தில் வலது கை போய்விட்டது. சாப்பாடு ஊட்டும்போதெல்லாம் அழுவார். சாவுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்து எல்லோரும் தைரியம் சொன்னோம். ஒவ்வொரு முறையும் அழுகை கூடியதே தவிரக் குறையவில்லை.

மறுநாள் காலை ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "சார், படம் போட்ட கையில்ல இது, நான் ஊட்டிவிட வேண்டியதாப் போச்சேன்னு இருக்கா?" என்று கேட்டேன். அவர் என்னையே வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டி ஸ்பூனைக் கேட்டார். பாதி கீழே சிந்தியது. அன்று அவர் அழவில்லை. அந்த நூலை எழுதியவர் எந்த நோயாளிப் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கண்டார் என்று நான் இன்னமும் யோசிப்பதுண்டு. ஒரு செவிலியருக்கு அழுகையை வகை பிரித்துப் பார்க்கக் கற்றுத்தந்தது ஓர் இலக்கண நூல் என்றால், இதைப் பொழுதுபோக்கு என்று எப்படிச் சொல்வது?

படம் எடுப்பவர்களும் தொடர் எழுதுபவர்களும் உங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மருத்துவமனைக் காட்சியை எழுதுவதற்கு முன் ஒரு செவிலியரிடம் அரை மணி நேரம் பேசுங்கள். எங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அதற்கு நேரமில்லை என்றால், நேர்கோட்டுக்கு ஷாக் கொடுக்கும் அந்த ஒரு காட்சியையாவது இனி எடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்