புண்ணில் ஒட்டிக் காய்ந்த கட்டை நனைத்துவிட்டுப் பிரியுங்கள்

அறுவைச் சிகிச்சைப் பிரிவின் தலைமை மருத்துவர் அவர்களுக்கும், செவிலியர் கண்காணிப்பாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

கட்டு மாற்றும் அறையில் நடப்பதைப் பற்றி நேரில் சொல்லியிருக்கிறேன். புகார்ப் பெட்டியிலும் எழுதிப் போட்டேன். பதில் இல்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: புண்ணோடு ஒட்டிக் காய்ந்துபோன காஸ் துணியைச் சலைன் என்ற உப்புநீர் ஊற்றி, ஊறவிட்டு, அதன் பிறகு பிரியுங்கள்.

என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். உள்ளங்காலில் ஆறாத புண். நரம்பு மரத்துப்போனதால் அந்த இடத்தில் அவருக்கு வலி தெரியாது. போன முறை காஸை ஒரே இழுப்பில் பிய்த்தெடுத்தார்கள். அதன் அடிப்பக்கம் முழுக்கச் சிவப்புச் சிவப்பாகச் சதைத் துணுக்குகள். ரத்தம் குதிகால் வழியாக இறங்கி ஸ்டூலில் சொட்டியது. "கொஞ்சம் நனைச்சு எடுங்களேன் சிஸ்டர்" என்றேன். "அவருக்குத்தான் வலிக்காதே, அப்புறம் என்ன?" என்று பதில் வந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. தன் காலுக்கு என்ன ஆகிறது என்பதை என் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

வலி தெரியாத கால் என்பதால்தானே கூடுதல் கவனம் வேண்டும்? வலி தெரிந்திருந்தால் இந்தப் புண் இவ்வளவு ஆழமாகும் முன்பே நாங்கள் உங்களிடம் வந்திருப்போம்.

அந்தத் துணுக்குகள் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரத்தம் உறைந்து, வெள்ளையணுக்கள் வந்து கிருமியையும் செத்த திசுவையும் அகற்றிய பிறகுதான் புதுச் சதை தலைகாட்டும். நுண்ணிய ரத்தக் குழாய்கள் நிறைந்தது, தொட்டாலே கசியும். அதன் மேல்தான் ஓரத்திலிருந்து தோல் செல்கள் நகர்ந்து வந்து மூட வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு இதில் ஒவ்வொன்றும் தாமதம். வாரக்கணக்கில் காத்திருந்து வந்த சதையைக் காஸோடு பிய்த்தெடுப்பது, வேர் பிடித்த நாற்றைப் பிடுங்கிப் பிடுங்கி நடுவது போன்றது. ஈரக் காஸை வைத்துக் காயவிட்டு, ஒட்டிய அழுகலோடு சேர்த்து எடுக்கும் முறை ஒன்று உண்டு என்பது எனக்கும் தெரியும். அது அழுகல் இருக்கும்வரைதான். எது அழுகல், எது புதுச் சதை என்று காஸுக்குத் தெரியாது. பிரிப்பவர்தான் பார்க்க வேண்டும்.

ஈரப்பதத்தோடு மூடிவைத்த காயத்தில், பொருக்குத் தட்டிய காயத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகத் தோல் மூடுவதைப் பன்றிகளிடம் செய்த ஆய்வில் ஜார்ஜ் விண்டர் 1962-லேயே காட்டிவிட்டார். இன்றைக்கும் வார்டில் "காத்தாட விடுங்க, காயட்டும்" என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றி நுரைக்கவிடுகிறார்கள். புதுச் சதையைக் கட்டும் செல்களையும் அது பாதிக்கும். சுத்தமான புண்ணைக் கழுவ 0.9 சதவீத சலைன் போதும், அது உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாதத்தில் பாரம் கொடுக்கக் கூடாது என்று சீட்டில் எழுதுகிறீர்கள். அதே பாதத்தோடு வரிசையில் நிற்க வைக்கிறீர்கள். வீட்டுக்கு அனுப்பும்போது "தினமும் கட்டு மாத்தணும்" என்று ஒரு வரி. எப்படி மாற்றுவது, கையை எப்போது கழுவுவது, யாரும் காட்டவில்லை. சிவப்பு பரவினால், வீக்கமும் சூடும் கூடினால், சீழோ நாற்றமோ காய்ச்சலோ வந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்பதைக்கூட நாங்களே தேடித்தான் தெரிந்துகொண்டோம். கேள்வி கேட்டால் "டாக்டருக்குத் தெரியாதா?" என்கிறார்கள். தெரியும் என்று நம்பித்தானே வருகிறோம்?

அங்கே ஆள் போதாது என்பதைப் பார்க்கிறேன். சிஸ்டர்கள் சாப்பிடக்கூடப் போகாமல் நிற்கிறார்கள். அவர்கள்மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அடுத்து இருப்பவரை உட்காரவைத்து அவர் கட்டின் மேல் முன்கூட்டியே சலைனை ஊற்றிவிட்டால், முன்னவருக்குக் கட்டி முடிப்பதற்குள் காஸ் இளகியிருக்கும். ரத்தத்தை நிறுத்த அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரமும் மிச்சமாகும். புதுச் சதை வந்த புண்ணில் பாரஃபின் காஸ் போல ஒட்டாத ஒன்றை வைத்தால் இன்னும் நல்லது.

ஆகவே, தயவுசெய்து, காய்ந்த கட்டை நனைக்காமல் பிரிக்கக் கூடாது என்று எழுதி அந்த அறைச் சுவரில் ஒட்டுங்கள். வீட்டுக்கு அனுப்பும் முன் குடும்பத்தில் ஒருவரை அருகில் நிறுத்தி, கட்டு மாற்றுவதை ஒரு முறை செய்துகாட்டச் சொல்லுங்கள். அப்பாவுக்கு அடுத்த கட்டு வெள்ளிக்கிழமை. அதற்குள் அந்த அறைக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
நோயாளி ஒருவரின் மகள்